அடைக்குப் படுக்காத நாட்டுக்கோழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறக்கடைக் கோழி வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையில், 'ஆண்டுக்கு 200 முட்டை இடும் நாட்டுக்கோழி' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பிக் குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்காக இந்தக் கடிதம்.

200 முட்டை இடும் கோழி உண்டு. ஆனால் அது நாட்டுக்கோழி இல்லை. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா அந்த அளவுக்கு இடும். அதே நிலையத்தின் வனராஜா 100-க்குச் சற்று மேலே நிற்கும்; அதற்குப் பதில் எடை கூடும். நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி வகைகளும் கொல்லைப்புறத்தை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவைதான். எல்லாமே நல்ல கோழிகள், பலவண்ண இறகோடு பார்க்கவும் நாட்டுக்கோழி போலவே இருக்கும். குறை கோழியில் இல்லை, பெயரில் இருக்கிறது. 'நாட்டுக்கோழி' என்று வாங்கியவர் எட்டு மாதம் கழித்து, 'முட்டை இட்டுக்கொண்டே இருக்கிறது, ஒன்றுகூட அடைக்குப் படுக்கவில்லையே' என்று வந்து நிற்கிறார்.

படுக்காது. காரணம் எளிது. அடைகாக்கும் குணத்தைத் தூண்டும் புரோலாக்டின் என்ற சுரப்பு உடலில் ஏறினால் முட்டை இடுவது நின்றுவிடும். ஆண்டு முழுக்க முட்டை வேண்டுமென்றால் அடைக்குப் படுக்கும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்ட வேண்டும். நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி 300 முட்டை தாண்டுவது அப்படித்தான். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இரண்டும் ஒரே கோழியில் கிடைக்காது. நம் அசல் நாட்டுக்கோழியான சிறுவிடை ஒரு பருவத்துக்கு 12 முதல் 15 முட்டை இட்டு, அடைக்குப் படுத்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிந்து, மறுபடி இடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு பருவம். மொத்தம் 40 முதல் 60 முட்டை. கணக்குப் பார்ப்பவருக்கு இது சொற்பமாகத் தெரியும். ஆனால் அந்தக் கோழிதான் இன்குபேட்டர், பல்பு, காவலாள் மூன்றும். மின்சாரம் போனாலும் நிற்காது.

ஆகவே வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை முட்டை இடும்?' என்பதல்ல, 'எனக்கு முட்டை வேண்டுமா, குஞ்சு வேண்டுமா?' என்பது. முட்டைதான் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை குஞ்சு வாங்கிக்கொள்கிறேன் என்றால் கிராமப்பிரியா போன்ற கலப்பினமே சரி. கூட்டம் தானாகப் பெருக வேண்டும் என்றால் சிறுவிடையை விட்டால் வழியில்லை.

பெயர்களிலும் குழப்பம் இருக்கிறது. சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோவிலிருந்து ஒன்றே கால் கிலோ இருக்கும். சேவல் இரண்டு கிலோவைத் தொட்டால் பெரிது. முட்டை 40 கிராம் அளவில், வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும். பெருவிடை என்பது அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் வழி: உயர்ந்த கால், அகன்ற நெஞ்சு, இறுக்கமான இறகு. அடைகாப்பதிலும் குஞ்சைக் காப்பதிலும் பெருவிடைத் தாய்க்கு ஈடில்லை. பூனையை எதிர்த்து நிற்கும். ஆனால் முட்டை குறைவு, உடல் கனம், காலடியில் முட்டை நசுங்கும். அதனால்தான் பெருவிடை வளர்ப்பவர்கள் கூட்டத்தில் நாலைந்து சிறுவிடையைக் கூடவே வைத்திருப்பார்கள். பெருவிடை முட்டையைச் சிறுவிடையின் வயிற்றுக்கடியில் வைத்துப் பொரிப்பது பழைய வழக்கம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவிலிருந்து வந்த கடக்நாத் என்ற கருங்கோழிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறிக்கு விலை உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒழுங்காக அடை கிடக்காது, பாதியில் எழுந்து போகும். கருங்கோழி வாங்குகிறவர் சிறுவிடை இரண்டும் சேர்த்தே வாங்குவது புத்திசாலித்தனம். மொட்டைக்கழுத்துக் கோழியை விகாரம் என்று ஒதுக்குகிறார்கள். இறகு குறைந்தால் உடல் சூடு எளிதில் வெளியேறும். வெயில் ஊர்களுக்கு அது ஏற்ற கோழி.

சந்தையில் அசலைக் கண்டுபிடிக்க நிறம் உதவாது. வளர்ச்சியைப் பாருங்கள். மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ வந்த குஞ்சு சிறுவிடை ஆகாது. சிறுவிடைக் குஞ்சு அந்த வயதில் முக்கால் கிலோவை ஒட்டியே நிற்கும். கால் தடித்து, நடை மந்தமாக, ஆள் கிட்டே போனாலும் பறக்காமல் நின்றால் கலப்பு. சிறுவிடை கையில் அகப்படாது, கூரைமேல் ஏறும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, குஞ்சோடு திரியும் தாய்க்கோழியைக் கண்ணால் பார்த்து, அதன் வழி வந்த விடைக்கோழியை, அதாவது இளம் பெட்டையை, வாங்குவது. அடைகாத்த தாயின் மகளும் பெரும்பாலும் அடைகாக்கும்.

இனி அடை வைப்பது. முட்டை வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தவறு அடை வைக்கிறவர்களிடம் இருக்க, பழி கோழிமேல் விழுகிறது.

அடைக்கு வந்த கோழி கூடையை விட்டு எழாமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு 'கொர்ர்' என்று கேறும். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டு, அந்த இடம் தொட்டால் கொதிக்கும். அன்றே முட்டை வைத்துவிடக் கூடாது. இரண்டு கூமுட்டையை (கருக்கட்டாத முட்டை) கொடுத்து இரண்டு நாள் பாருங்கள். நிலையாகக் கிடந்தால் இருட்டிய பிறகு நல்ல முட்டைக்கு மாற்றுங்கள். பகலில் இடம் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும்.

கூடையோ பழைய மண்சட்டியோ, அடியில் மூன்று விரல் கனத்துக்கு ஆற்று மணல், அதன்மேல் வைக்கோல். மணலை நடுவில் சற்றுக் குழித்துவிட வேண்டும். சமமாக இருந்தால் முட்டை ஓரத்துக்கு உருண்டுவிடும். மணல் சூட்டைப் பிடித்து வைக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கரித்துண்டும் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் வைப்பார்கள். வைக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மிளகாய் வைத்தவர் மணல் போட மறந்தால் பயன் இல்லை.

முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நாலைந்து நாள்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது வேண்டாம். கழுவக் கூடாது; ஓட்டின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழையும். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். பேருந்தில் குலுங்கி வந்த முட்டையை ஓர் இரவு அசையாமல் வைத்து மறுநாள் அடை வையுங்கள். சேவல் ஒன்றுக்குப் பெட்டை பத்துக்கு மேல் இருந்தால் கூமுட்டை கூடும்.

எத்தனை வைப்பது? சிறுவிடைக்கு 10 முதல் 12. மழை, பனிக் காலத்தில் 9 போதும். ஆசைப்பட்டு 15 வைப்பவர்கள், 'மூன்று போனாலும் 12 தேறுமே' என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. கோழி முட்டையைச் சும்மா வைத்திருப்பதில்லை; அலகால் புரட்டி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும், நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். சிறகு எட்டாத ஓரத்தில் இன்று மூன்று முட்டை குளிரும், நாளை வேறு மூன்று. ஒரு வாரத்தில் எல்லா முட்டையும் ஒரு சுற்றுக் குளிர்ந்திருக்கும். 15 வைத்து 6 பொரிப்பது இப்படித்தான்.

வைத்த முட்டைகளில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வேறு கோழி வந்து அதே கூடையில் இட்டுவிட்டுப் போகும். கோடு இல்லாததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். விட்டால், முதல் குஞ்சுகள் பொரிந்ததும் தாய் எழுந்து போய்விடும்; பாதி வளர்ந்தவை ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

அடைக்கு முன் செள், பேன் பார்க்க வேண்டும். இறகைப் பின்னோக்கி ஊதி, ஆசனவாய்ப் பக்கமும் சிறகடியும் பாருங்கள். 21 நாள் ஒரே இடத்தில் கிடக்கும் கோழிமேல் செள் பெருகினால் இரத்தத்தை உறிஞ்சிவிடும்; தாங்க முடியாமல் எழுந்து ஓடும். 'என் கோழி பாதியில் அடையைக் கலைத்துவிட்டது' என்பவர்கள் கூடையின் அடி வைக்கோலை வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்தால் காரணம் ஊர்ந்துகொண்டிருக்கும். கொல்லையில் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி, கூடையில் உலர்ந்த வேப்பிலை. இவை போதாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தூவக் கூடாது.

கோழி நாளுக்கு ஒருமுறை, 15, 20 நிமிடம் எழுந்து தின்று, கழிந்து, புழுதிக் குளியல் போட்டுவிட்டு வரும். கம்பும் சோளமும் தண்ணீரும் கூடையிலிருந்து பத்தடி தள்ளி இருக்கட்டும். தீனியைக் கூடையருகிலேயே வைப்பது பாசம் என்று நினைக்கிறார்கள். கோழி எழாமலே தின்று, முட்டைமேலேயே கழிந்து வைக்கும்.

ஏழாம் நாள் இரவு டார்ச் வாயில் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளியும் சுற்றிலும் சிலந்திக்கால் போல் சிவப்பு நரம்பும் தெரிந்தால் உயிர். ஒன்றும் இல்லாமல் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் கூமுட்டை. வளையம் போல் ஒரு இரத்தக் கோடு மட்டும் நின்றால் கரு தொடங்கிச் செத்தது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சத்துக்குச் சூடு நன்றாகக் கிடைக்கும். அழுகி வெடித்து மற்றதைக் கெடுப்பதும் இல்லை. 14-ஆம் நாள் இன்னொரு முறை. 18-க்குப் பிறகு கை வைக்கவே கூடாது. வறண்ட கோடையில் மட்டும் கூடையின் ஓர மணலில் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். இல்லாவிட்டால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். 21-ஆம் நாள் ஓடு கீறி நின்ற குஞ்சை இழுத்து உதவி செய்யாதீர்கள். தொப்புள் மூடாமல் இரத்தம் வடிந்து சாகும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி தேவையில்லை. வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். பிறகு நொய், கம்புக் குருணை, முடிந்தால் முதல் மாதம் கடைக் குஞ்சுத்தீவனம். சதை பிடிக்கக் கரையான் நல்லது: ஓட்டைச் சட்டியில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் மண்மேல் கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் நிறைந்திருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். பிறகு மண்ணுக்குள் இறங்கிவிடும். பருந்துக்கும் காக்கைக்கும் முதல் ஆறு வாரம் பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கூடை) இல்லாமல் முடியாது.

தாயில்லாத கலப்பினக் குஞ்சு வாங்கியவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பத்துக் குஞ்சுக்குப் பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று போதும். இப்போது வீட்டில் இருப்பது எல்.இ.டி.; அதைத் தொங்கவிடுகிறார்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. விடியும்போது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும். குஞ்சு பல்படியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்குப் போய் வாய் பிளந்தால் சூடு அதிகம், பரவித் திரிந்தால் சரி. இதற்கு வெப்பமானி வேண்டாம்.

அடுத்தது கழிச்சல். இராணிக்கெட் என்பது குமாவுன் மலையில் உள்ள ஓர் ஊரின் பெயர். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிறகு தொங்கும், மூச்சு இழுக்கும், தப்பிப் பிழைத்ததற்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் மருந்து கிடையாது. வெங்காயம், மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று இல்லை.

ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எப் அல்லது லசோட்டா; இரண்டும் கழிச்சலுக்கான தடுப்பு மருந்துகள். தாய்வழி வந்த எதிர்ப்புச் சக்தி முதல் சொட்டை ஓரளவு முறித்துவிடும் என்பதால் 28-ஆம் நாள் மறுபடி லசோட்டா. ஆறாம், ஏழாம் வாரத்தில் சிறகுச் சவ்வில் அம்மைத் தடுப்பூசி. எட்டாம் வாரம் சிறகடித் தோலுக்குக் கீழ் அரை மில்லி ஆர்.டி.வி.கே. என்ற கழிச்சல் தடுப்பூசி. சொட்டு மருந்து போடும்போது குஞ்சு கண் சிமிட்டி உள்ளே இழுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலையை உதறும், மருந்து தரையில் கிடக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கானது. கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும்; அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் பாட்டி 92 சொட்டை என்ன செய்வார்? அதனால் போடாமலே விடுகிறார். தெருவில் ஒரு வீட்டில் போடாவிட்டால் பத்து வீட்டுக் கோழியும் போகும். தீர்வு, மாதத்தில் ஒரு நாளைத் தெருவே குறித்துக்கொள்வது. அந்த மாதம் பொரித்த குஞ்சுகள் அத்தனைக்கும் ஒரே குப்பி. மகளிர் குழுவில் இரண்டு பேருக்குச் சொட்டுப் போடக் கற்றுக்கொடுத்தால் போதும். சொட்டுக்கு ஊசி தேவையில்லை. அரசு மானியத்தில் குஞ்சு கொடுக்கும் இடங்களில் இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் கோழிதான் பல ஊர்களில் நோயைக் கொண்டுவருகிறது. நோய் தலைகாட்டியதும் மிச்சத்தை விற்றுத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. வாங்கியதை மூன்று வாரம் தனியாகக் கட்டி வையுங்கள். செத்ததை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வாய்க்காலில் எறியாதீர்கள்.

கறிக்கோ முட்டைக்கோ இல்லாமல், ஆசைக்கு வளர்ப்பவர்களும் இப்போது நிறைய. சென்னை, கோவை மாடிகளில் சில்கி, கொச்சின் பேண்டம், பிரம்மா என்ற வெளிநாட்டு அழகுக் கோழிகள் எல்லாம் திரிகின்றன. பிரம்மாவின் காலிறகு குளிர் நாட்டுக்கு ஆனது. நம் கோடையில் நிழலும் ஈரமணலும் இல்லாவிட்டால் மூச்சு வாங்கியே சாகும். சில்கியின் இறகு பஞ்சு போல் இருப்பதால் மழைநீர் வழியாது, தோல்வரை ஊறும். ஒரு மழை போதும், சளி பிடிக்க. ஆனால் பார்க்கப் பொம்மை போல் இருக்கும் இந்தச் சில்கி, அடைகாப்பதில் சிறுவிடையையே மிஞ்சும். வாத்து முட்டை, கினிக்கோழி முட்டை எதை வைத்தாலும் கிடக்கும். கருங்கோழி முட்டை கையில் இருந்து அடைக்கோழி இல்லாதவர்கள் ஒரு சில்கியை வாங்கலாம். ஒரு சில்கிக்கு ஏழெட்டு முட்டைதான் கொள்ளும்.

திண்டுக்கல் வட்டாரத்தின் கிளிமூக்கு விசிறிவால் சேவலை நான் தனி இடத்தில் வைக்கிறேன். கிளி போல் வளைந்த குட்டை அலகு, தரையைத் தொட்டு விரியும் வால். இவற்றுக்கென்றே அங்கே கண்காட்சிகள் நடக்கின்றன. சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அழகுக்காக மட்டுமே ஒரு சேவலை வளர்த்து, வால் இறகு ஒடியாதபடி உயரமான கூண்டும் தனி இடமும் கொடுப்பது அந்தப் பழைய ஆர்வத்துக்கு நல்ல மாற்று வழி. ஆனால் வாலும் மூக்கும் பார்த்துத் தேர்ந்துகொண்டே போவதில், பெட்டையின் தாய்க்குணத்தை யாரும் பார்ப்பதில்லை. கண்காட்சியில் சேவலுக்கு மேடை உண்டு. தானே அடைகாத்துக் குஞ்சோடு வந்த பெட்டைக்கும் ஒரு பரிசு வைக்கலாம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்தமுறை கோழி பற்றிக் கட்டுரை வந்தால், முட்டைக் கணக்குக்குப் பக்கத்தில் 'அடைகாக்கும் / அடைகாக்காது' என்று ஒரு சொல் சேருங்கள். இரண்டாவது, பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாமின் செய்தியைத் தொடக்க விழா முடிந்த மறுநாள் படத்தோடு போடுகிறீர்கள். அதை ஒரு வாரம் முன்பே, ஊர்ப் பெயர், தேதி, இடத்தோடு மாவட்டப் பக்கத்தில் போடுங்கள். கோழிகளை விடிந்ததும் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே மூடி வைத்திருக்கவும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். ஒருமுறை திறந்துவிட்ட சிறுவிடையை மருத்துவர் வந்த பிறகு பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்பவர்,
வேடசந்தூர்